ஒஸ்லோ வீட்டில் இளம் நில ஆமை: இருப்பிடமும் உணவும்

வீட்டில் ஒரு பிராணி வளர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பது புதிதன்று. நாயை நாள்தோறும் பல முறை வெளியே அழைத்துச் செல்லப் பல பெற்றோருக்கு நேரம் கிடைப்பதில்லை. பூனையின் உரோமம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். இந்நிலையில், சத்தமிடாத, உரோமம் உதிர்க்காத சிறிய ஆமை எளிதான தெரிவாகத் தோன்றுகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஆமைக் குஞ்சுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியும் இரண்டு சலாது இலையும் போதும் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

அந்த எண்ணமே ஆமைக்கு ஆபத்தானது. பசித்த நாய் குரைக்கும். வருந்தும் பூனை கத்தும். ஆமை எதையும் சொல்லாது. தவறான பராமரிப்பில் அது உடனே இறப்பதும் இல்லை. மாதக்கணக்கில் ஓடு மென்மையாகி, உருக்குலைந்து, மெல்ல நலிகிறது. வீட்டார் அதைக் கவனிக்கும் வேளையில் பெரும்பாலும் முழுமையாகத் திருத்த முடியாத நிலை வந்துவிடும். ஒஸ்லோவில் இதற்கு அடிப்படையான காரணம் வெயில் இல்லாமையே. மத்தியதரைக் கடற்கரையில் ஓர் ஆமைக்கு வானத்திலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஒளியையும் வெப்பத்தையும் இங்கு வீட்டார் மின்விளக்கின் மூலம் ஆண்டு முழுவதும் கொடுக்க வேண்டும். இதை உணர்ந்து ஆயத்தம் செய்யும் வீட்டில் ஆமை நலமாக வளரும்.

எந்த ஆமைக்கு அனுமதி உண்டு

நோர்வேயில் ஊர்வன இனங்களை வீட்டில் வளர்ப்பது 1970களிலிருந்து நீண்ட காலம் பொதுவாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. 2017 ஓகஸ்ட் 15 முதல் அத்தடை தளர்த்தப்பட்டு, 19 ஊர்வன இனங்கள் அடங்கிய ஒரு பட்டியல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் உள்ள இனங்களை மட்டுமே தனியார் வளர்க்கலாம். இப்பட்டியல் 'மாத்தில்சீனெ' எனப்படும் நோர்வே உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பொறுப்பில் உள்ளது. வாங்குவதற்கு முன் அதன் இணையத்தளத்தில் நடப்பிலுள்ள பட்டியலைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பட்டியலில் உள்ள நில ஆமை, 'டெஸ்டுடோ ஹெர்மானி' என்ற அறிவியற் பெயர் கொண்ட ஹெர்மன் ஆமை ஆகும். நோர்வேஜிய மொழியில் இதற்கு வழங்கும் பெயரின் பொருள் 'கிரேக்க நில ஆமை' என்பதாகும். 'டெஸ்டுடோ கிரேக்கா' என்ற வேறோர் இனமும் உலகில் உண்டு. பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஆகவே கடையில் சொல்லப்படும் வழக்குப் பெயரை நம்பாமல், பற்றுச்சீட்டிலும் ஆவணங்களிலும் அறிவியற் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹெர்மன் ஆமை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைற்றீஸ்' என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இடம்பெற்றுள்ளது. நோர்வேயில் அவ்வுடன்படிக்கையை நடைமுறைப்படுத்துவது சுற்றாடல் இயக்ககம். விடுமுறைக்கு வேறு நாட்டுக்குச் செல்லும் குடும்பம் அங்கு ஓர் ஆமையை வாங்கி, உரிய அனுமதிப் பத்திரங்கள் இன்றிக் காரில் கொண்டுவருவது சட்டவிரோதமாகும். ஆமை எங்கு பிறந்தது, யாரிடமிருந்து வாங்கப்பட்டது என்பதைக் காட்டும் ஆவணங்களை அது உயிருடன் இருக்கும் காலம் முழுவதும் பத்திரப்படுத்த வேண்டும்.

நட்சத்திர ஆமை பற்றி ஒரு சொல்

தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழ்ந்தவர்களுக்கு, ஓட்டில் மஞ்சட் கதிர்கள் விரியும் நட்சத்திர ஆமை பழக்கமானது. மாரிக்காலத்தில் வேலியோரம் ஊர்ந்து வந்த அந்த ஆமையின் நினைவே சிலரை ஆமை வளர்ப்பின் பக்கம் ஈர்க்கிறது. ஆனால் நட்சத்திர ஆமை நோர்வேயின் பட்டியலில் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 2019இல் ஜெனீவாவில் கூடிய சைற்றீஸ் மாநாடு அதை முதலாம் இணைப்புக்கு உயர்த்தியது. காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவற்றைப் பன்னாட்டு வணிகத்தில் விற்பது அதன்மூலம் தடைசெய்யப்பட்டது.

இத்தடைக்குத் தக்க காரணம் உண்டு. இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஆண்டொன்றில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவை பயணப் பெட்டிகளில் துணியால் இறுகச் சுற்றப்பட்டுக் கடத்தப்படுகின்றன. இணையத்திலோ தெரிந்தவர் மூலமாகவோ நட்சத்திர ஆமை தருவதாக யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது.

குடும்பம் முதலில் தீர்மானிக்க வேண்டியவை

முட்டையிலிருந்து வெளிவரும் ஹெர்மன் ஆமைக் குஞ்சு மூன்று முதல் நான்கு சென்ரிமீற்றர் நீளமே இருக்கும். முழு வளர்ச்சியடையும்போது பெரும்பாலும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆகும். நல்ல பராமரிப்பில் அது 50 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கப்படும் ஆமை, அந்தப் பிள்ளை படித்து, வேலைக்குச் சென்று, மணமுடித்த பின்பும் உயிருடன் இருக்கும். அப்போது அதை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வாங்கும் முன்பே விடை வேண்டும்.

நோர்வேயின் விலங்கு நலச் சட்டம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மனிதருக்குப் பயன்படுகிறதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாது, ஒவ்வொரு விலங்குக்கும் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்று அது கூறுகிறது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு விலங்கின் தனிப்பொறுப்பைக் கொடுக்கப் பெற்றோருக்கு அனுமதியில்லை. 'இது உன்னுடைய ஆமை, நீயே பார்த்துக்கொள்' என்று பெற்றோர் விலகிக்கொள்ள இயலாது. சட்டத்தின் முன் பொறுப்பாளர் பெற்றோரே.

அடுக்குமாடி வீடுகளில் வசிப்போர் தமது வீட்டுரிமைக் கூட்டுறவின் விதிகளையோ வாடகை ஒப்பந்தத்தையோ பார்க்க வேண்டும். கூட்டுறவு விதியில் பிராணி வளர்ப்புத் தடை இருந்தாலும், தக்க காரணம் இருந்து, மற்றையோருக்கு இடைஞ்சல் இல்லாவிடில் வளர்க்கலாம் என்று வீட்டுரிமைக் கூட்டுறவுச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் முன்கூட்டியே நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேட்டுவிடுவது பின்னர் எழும் பிணக்கைத் தவிர்க்கும்.

ஒளியும் வெப்பமும்

ஒஸ்லோவில் டிசம்பர் இறுதியில் பகற்பொழுது ஆறு மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. ஏறத்தாழ ஒக்டோபர் முதல் மார்ச்சு வரை சூரியன் தாழ்வாக நிற்பதால், தோலில் வைட்டமின் டி உருவாகப் போதிய புற ஊதாக் கதிர் தரைக்கு வந்து சேர்வதில்லை. இந்த உண்மை இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கைக்குழந்தைக்கு வைட்டமின் டி துளிகள் கொடுக்குமாறு சுகாதார நிலையத்துத் தாதி கூறுவதும், பெரியவர்களுக்கு மருத்துவர் மாத்திரை எழுதுவதும் இதே காரணத்தாலேயே.

ஆமையின் நிலையும் அதுவே. உணவில் எவ்வளவு கல்சியம் இருந்தாலும், வைட்டமின் டி இல்லாவிடில் உடல் அதை ஏற்காது. 'யூவி-பி' எனப்படும் புற ஊதாக் கதிர் தோலில் படும்போதே ஆமையின் உடலில் வைட்டமின் டி உருவாகத் தொடங்குகிறது. அது முழுமையடைய உடல் வெப்பமும் வேண்டும். ஆமை தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிரினம் அல்ல. ஆகவே ஒளியும் வெப்பமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும்.

பலர் செய்யும் தவறு, ஆமைப் பெட்டியை யன்னலோரம் வைத்து, வெயில் படுகிறது என்று நிம்மதியடைவதாகும். சாதாரண யன்னற் கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் உள்ளே விடும். யூவி-பி கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடியால் மூடிய மாடமும் அப்படியே. அங்கு ஆமைக்குச் சூடு ஏறும், வைட்டமின் கிடைக்காது. கோடையில் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் நேரடி வெயில் பட்டால் வெப்பம் விரைவாக உயர்ந்து ஆமை இறந்துபோகவும் கூடும்.

தேவையானவை இரண்டு விளக்குகள். ஒன்று, ஊர்வனவற்றுக்கென விற்கப்படும் நீண்ட குழாய் வடிவ யூவி-பி விளக்கு. மற்றையது, மேலிருந்து கீழ்நோக்கி வெப்பம் தரும் மின்குமிழ். இரண்டையும் இருப்பிடத்தின் ஒரே பக்கத்தில் பொருத்த வேண்டும். மின்குமிழின் நேர் கீழே, ஆமையின் முதுகு மட்டத்தில் வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் 20 முதல் 24 பாகை வரை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இந்த வேறுபாடு இருந்தால்தான் ஆமை தனக்கு வேண்டியபோது வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிச் செல்ல முடியும். இரு பக்கத்திலும் வெப்பமானி வைத்து அளப்பதே முறை. கையால் தொட்டு மதிப்பிடுவது போதாது.

விளக்குகள் நாளொன்றுக்கு 12 மணித்தியாலம் எரிய வேண்டும். நேரங்குறித்து இயங்கும் மின்செருகி ஒன்றைப் பொருத்திவிட்டால் மறதிக்கு இடமில்லை. இரவில் விளக்கு வேண்டாம். சிவப்பு விளக்கும் தேவையில்லை. வீட்டின் வழமையான இரவு வெப்பநிலையே போதும். கீழிருந்து சுடும் வெப்பக் கற்களும் வெப்ப விரிப்புகளும் தவிர்க்கப்பட வேண்டியவை. ஆமை வெப்பத்தை முதுகால் அறிந்து பழகியது. வயிற்றோடு சுடும்போது அது விலகாமல் காயமடையக்கூடும்.

யூவி-பி குழாய் கண்ணுக்கு ஒளி தந்துகொண்டே தன் புற ஊதா ஆற்றலை இழந்துவிடும். எரிகிறதே என்று விட்டுவிடாமல், தயாரிப்பாளர் குறித்த காலத்தில், பொதுவாக 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, அதை மாற்ற வேண்டும். மாற்றிய திகதியைக் குழாயின் பிடியில் எழுதி ஒட்டிவைப்பது நல்ல வழக்கம். விளக்குக்கும் ஆமைக்கும் இடையிலுள்ள தூரமும் தயாரிப்பாளர் கூறும் அளவில் இருக்க வேண்டும். இடையில் கண்ணாடியோ பிளாஸ்ரிக் தகடோ இருக்கக் கூடாது.

இருப்பிடம்

உயர்ந்த கண்ணாடித் தொட்டி நில ஆமைக்கு உகந்ததன்று. காற்றோட்டம் குறைவு, சுவர் கண்ணுக்குத் தெரியாததால் ஆமை அதில் முட்டி முட்டி ஓய்வின்றி நடக்கும். மேற்புறம் திறந்த, ஒளி ஊடுருவாத பக்கங்கள் கொண்ட தாழ்ந்த மரப்பெட்டியே சிறந்தது. ஒரு குஞ்சுக்கு 120 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் நல்ல தொடக்கம். பக்கங்கள் ஆமை ஏறமுடியாத உயரத்தில் இருக்க வேண்டும். வளர வளரப் பெரிய இடம் தேவைப்படும்.

அடியில் உரமோ பூச்சிகொல்லியோ கலவாத தோட்டமண்ணும் சிறிது மணலும் கலந்து, குறைந்தது 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பரப்ப வேண்டும். குஞ்சுகள் மண்ணுக்குள் புதைந்து உறங்க விரும்புபவை. செய்தித்தாள், மரத்தூள், பூனைமணல் ஆகியவை ஏற்றவையல்ல. ஒளிந்துகொள்ள, கவிழ்த்த பூச்சட்டியின் பாதி போன்ற ஒரு மறைவிடம் குளிர்ந்த பக்கத்தில் வேண்டும். கால் இடறி ஏறி இறங்கச் சில தட்டையான கற்களும் வைக்கலாம். செங்குத்தான கல் வேண்டாம். கவிழ்ந்த குஞ்சு விளக்கின் கீழே திரும்ப முடியாமல் கிடந்தால் உயிராபத்து நேரும்.

குளிர்காலத்தில் சூடேற்றப்பட்ட ஒஸ்லோ வீடுகளின் காற்று மிகவும் உலர்ந்தது. மனிதரின் உதடு வெடிக்கும் அதே காற்று ஆமைக் குஞ்சின் ஓட்டையும் பாதிக்கிறது. உலர்ந்த சூழலில் வளரும் குஞ்சின் ஓட்டுத் தகடுகள் கூம்பு கூம்பாக உயர்ந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒருமுறை அவ்வாறு வளர்ந்த ஓடு மீண்டும் சமனாவதில்லை. ஆகவே மண்ணின் மேற்பரப்பு உலர்ந்திருந்தாலும் அடிமண் ஈரமாக இருக்குமாறு மூலைகளில் நீர் ஊற்றி வர வேண்டும். மறைவிடத்துக்குள் ஈரப்பாசி வைப்பதும் பயன் தரும். சேறாகிவிடவும் கூடாது, ஈரமும் குளிரும் சேர்ந்தால் சுவாச நோய் வரும்.

ஆமை இறங்கி ஏறக்கூடிய ஆழமற்ற நீர்த்தட்டு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். இதைத் தவிர, வாரத்தில் இரண்டு மூன்று முறை குஞ்சை அதன் கழுத்துக்குக் கீழே நிற்கும் இளஞ்சூட்டு நீரில் 15 நிமிடம் விடுவது நல்லது. அப்போது அது நீர் குடிக்கும், மலசலமும் கழிக்கும். அவ்வேளையில் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

உணவு

வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதது தமிழர் வழக்கம். அந்த அன்பு ஆமையின் தட்டுக்கும் நீளும்போது சோறும் வாழைப்பழமும் தக்காளியும் அதில் வந்து சேர்கின்றன. ஆமையும் இனிப்பை விரும்பி உண்ணும். ஆனால் ஹெர்மன் ஆமை புல்லும் பூண்டும் உண்டு வாழப் படைக்கப்பட்டது. நாரும் கல்சியமும் மிகுந்து, சீனியும் புரதமும் குறைந்த இலைகளே அதன் உணவு.

உணவைத் தெரிவுசெய்ய எளிய அளவுகோல் ஒன்று உண்டு: கல்சியம் பொசுபரசைப் போல் குறைந்தது இரு மடங்கு இருக்க வேண்டும். மே மாதத்தில் ஒஸ்லோவின் புல்வெளியெங்கும் மஞ்சட் பூவாகப் பூக்கும் 'லோவெதான்' செடியின் 100 கிராம் இலையில் ஏறத்தாழ 187 மில்லிகிராம் கல்சியமும் 66 மில்லிகிராம் பொசுபரசும் உள்ளன. இது மூன்று மடங்குக்கு அண்மையானது. வாழைப்பழத்தில் கல்சியம் 5 மில்லிகிராம், பொசுபரசு 22 மில்லிகிராம். கணக்கு தலைகீழாக உள்ளது. பொசுபரசு மிகும்போது உடல் தன் எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் கல்சியத்தை எடுத்துக்கொள்கிறது.

ஏப்ரல் இறுதி முதல் செப்ரெம்பர் வரை நல்ல உணவு காலடியிலேயே கிடைக்கிறது. லோவெதான் இலையும் பூவும், பாதையோரம் அகன்ற இலையோடு படர்ந்து வளரும் 'குரூப்லாட்', சிறிதளவு குளோவர், தோட்டங்களில் களையாக முளைக்கும் 'வாஸ்ஆர்வெ' ஆகியவற்றைக் கலந்து கொடுக்கலாம். பெரிய வீதியோரத்திலும், நாய்கள் நடமாடும் இடத்திலும், களைகொல்லி தெளித்த நிலத்திலும் பறிக்கக் கூடாது. வீட்டில் மருந்தடிக்காது வளர்க்கும் செவ்வரத்தையின் இலையும் பூவும் ஆமைக்கு நல்ல உணவு. கடையில் புதிதாக வாங்கிய பூச்செடியில் பூச்சிமருந்து இருக்கலாம் என்பதால் அதை உடனே கொடுக்கக் கூடாது.

குளிர்காலத்தில் கடையில் கிடைக்கும் ருக்கோலா, எண்டிவ், ரொமானோ சலாது ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வெளிறிய உருண்டைச் சலாதில் பெரும்பகுதி நீரே; அது மட்டும் போதாது. சட்டியில் லோவெதான் விதையை விதைத்து, யன்னலோரம் விளக்கின் கீழ் வளர்ப்பது செலவில்லாத வழி. பிள்ளைகள் விருப்பத்தோடு செய்யக்கூடிய வேலையும் ஆகும். நில ஆமைக்கென விற்கப்படும் உலர்ந்த மூலிகைக் கலவையை நீரில் நனைத்துச் சேர்த்தால் நார்ச்சத்துக் கூடும்.

இறைச்சி, மீன், முட்டை, நாய் பூனை உணவு, பாற்பொருட்கள், பாண், சோறு ஆகியவற்றை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. பழங்கள் இந்த இனத்துக்குத் தேவையில்லை. பசளியும், 'ஸ்பினாட்' என்று கடைகளில் விற்கப்படும் கீரையும் கல்சியத்தைப் பிணைத்துவிடும் ஒக்சலேற்று மிகுந்தவை. ரபார்ப்ரா இலை, வெங்காயம், அவகாடோ, உருளைக்கிழங்குச் செடி ஆகியவை நச்சுத்தன்மை வாய்ந்தவை.

கல்சியத்துக்கு எளிய துணை கணவாய் ஓடு. கடலோர ஊர்களில் பிறந்தவர்களுக்குத் தெரிந்த, சித்த வைத்தியத்தில் கடல்நுரை என்று வழங்கும் அதே பொருள் இங்கு பறவைகளுக்கெனப் பிராணிக் கடைகளில் விற்கப்படுகிறது. ஒரு துண்டை இருப்பிடத்தில் போட்டுவைத்தால் ஆமை வேண்டியபோது கடித்துக்கொள்ளும். வளரும் குஞ்சுக்கு இலைமேல் சிறிதளவு கல்சியத் தூளும் வாரத்தில் சில முறை தூவலாம். வைட்டமின் மருந்துகளை மிருகவைத்தியரின் ஆலோசனையின்றிக் கூட்டிக் கொடுக்கக் கூடாது.

அளவிலும் கட்டுப்பாடு வேண்டும். ஆமையின் ஓட்டளவு கொண்ட ஒரு சிறு குவியல் இலை ஒரு நாளைக்குப் போதும். கிழமைக்கு ஒருமுறை, சமையலுக்குப் பயன்படாத ஒரு சிறு தராசில் நிறுத்து, நிறையைக் குறித்து வர வேண்டும். சீராக, மெதுவாக ஏறும் நிறையே நலத்தின் அடையாளம்.

கோடையும் குளிர்கால உறக்கமும்

யூன் முதல் ஓகஸ்ட் வரை, வெப்பமான நாட்களில் ஆமையை வெளியே புல்வெளியில் விடுவது எந்த விளக்கையும் விடச் சிறந்தது. அடியில் தோண்டி வெளியேற முடியாத வேலியும், மேலே வலையும், நிழலும், நீரும் வேண்டும். காகமும், கறுப்பு வெள்ளை நிறமுடைய மக்பைப் பறவையும், ஒஸ்லோவின் குடியிருப்புகளில் நடமாடும் நரியும் குஞ்சைத் தூக்கிச் செல்லக்கூடியவை. தோட்டங்களில் மணிபோன்ற வெண்பூக்களுடன் வளரும் 'லில்யெகொன்வால்' செடி கடும் நச்சுடையது; அது வேலிக்குள் இருக்கக் கூடாது. மாலையில் குளிர் இறங்கும் முன் ஆமையை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

ஹெர்மன் ஆமை இயற்கையில் குளிர்காலத்தில் நீண்ட உறக்கம் கொள்ளும். அதற்கு ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் அளவில் மாறாத குளிர் வேண்டும். ஒஸ்லோவின் மண்ணும் மாடமும் உறைநிலைக்குக் கீழே செல்வதால் வெளியே உறங்க விடுவது கொலைக்குச் சமம். அனுபவமுள்ளோர் இதற்கெனத் தனிக் குளிர்சாதனப் பெட்டியைப் பயன்படுத்துவதுண்டு. முதன்முறை வளர்ப்போர் மிருகவைத்தியர் ஆமையைச் சோதித்து வழிகாட்டாமல் இதில் இறங்கக் கூடாது. நோயுற்ற, நிறை குறைந்த ஆமையை உறங்க வைக்கவே கூடாது.

வீட்டாரின் பாதுகாப்பு

ஆரோக்கியமாகத் தோன்றும் ஊர்வனவற்றின் குடலிலும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். குழந்தைகள் வாயில் வைக்கும் அளவான சிறு ஆமைகளால் பரவிய நோயின் காரணமாக, ஓட்டின் நீளம் 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடைசெய்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தோர் உள்ள வீடுகள் ஆமை வாங்குவதை ஒத்திவைப்பதே நன்று. ஆமையையோ அதன் பொருட்களையோ தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். அதன் நீர்த்தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஆமையை முத்தமிடுவதோ சாப்பாட்டு மேசையில் நடக்க விடுவதோ ஆகாது.

நாள் முழுதும் எரியும் வெப்பவிளக்கு தீ விபத்துக்கும் காரணமாகலாம். பீங்கான் தாங்கியில் பொருத்தி, சங்கிலியாலும் கட்டி, திரைச்சீலைக்கும் வைக்கோலுக்கும் தூரமாகத் தொங்கவிட வேண்டும். பல செருகிகளைத் தொடராக இணைக்காமல் சுவர்ச் செருகியில் நேரடியாக மின் எடுக்க வேண்டும். அவ்வறையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். தீயணைப்புச் சேவையின் அவசர எண் 110.

பழைய யூவி-பி குழாய்களில் பாதரசம் உள்ளது. அவற்றை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. இத்தகைய விளக்குகளை விற்கும் கடைகள் பழையவற்றை இலவசமாகத் திரும்பப் பெறக் கடமைப்பட்டவை. ஹாரால்ட்ருட் போன்ற மாநகரசபையின் மீள்பயன்பாட்டு நிலையங்களிலும் ஒப்படைக்கலாம்.

நோய்க்குறிகளும் உதவியும்

ஆமை பேசாது, அதன் உடல் பேசும். விரலால் மெல்ல அழுத்தும்போது ஓடு முன்னரைவிட மென்மையாகத் தோன்றுதல், கால்களை ஊன்றி உடலைத் தூக்கி நடக்க இயலாமை, வீங்கிய அல்லது மூடிய கண்கள், மூக்கில் நீர் அல்லது குமிழி, வாய் திறந்து மூச்சுவிடுதல், பல நாள் உண்ணாமை, நிறை குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் காத்திருக்கக் கூடாது. எல்லா மிருகவைத்தியரும் ஊர்வனவற்றில் பயிற்சி பெற்றவர் அல்லர். ஆமையை வாங்கும் முன்பே சில மருத்துவ நிலையங்களைத் தொலைபேசியில் அழைத்து, ஊர்வனவற்றைப் பார்ப்பவர் யார், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதிவைப்பது அறிவுடைமை.

குடும்பச் சூழல் மாறி ஆமையை வைத்திருக்க இயலாது போகலாம். அது குற்றமன்று. ஆனால் 'காட்டில் பிழைத்துக்கொள்ளும்' என்று எண்ணி ஒஸ்ட்மார்க்காவிலோ பூங்காவிலோ விட்டுவருவது குற்றமாகும். விலங்கை உதவியற்ற நிலையில் கைவிடுவதை விலங்கு நலச் சட்டம் தடைசெய்கிறது. முதற் பனியோடு அந்த ஆமையும் மடிந்துபோகும். ஆவணங்களோடு, சட்டப்படி வளர்க்கத் தகுதியான வேறொருவரிடம் ஒப்படைப்பதே சரியான வழி. வாங்கிய கடையையோ, ஊர்வன வளர்ப்போர் சங்கத்தையோ, மிருகவைத்தியரையோ முதலில் நாடலாம். எங்காவது ஒரு விலங்கு துன்புறுவதைக் கண்டால் மாத்தில்சீனெயின் இணையத்தளம் வழியாக அறிவிக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம்

ஆமையை வாங்கிய பின் பெட்டி தேடுவது பெரும்பாலோர் செய்யும் வழி. அதை மாற்றி, முதலில் இருப்பிடத்தை அமைத்து, விளக்குகளைப் பொருத்தி, ஆமை இல்லாமலேயே ஒரு வாரம் இயக்கிப் பார்ப்பது சிறந்தது. அந்த ஏழு நாளும் காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் வெப்பநிலையைப் பார்த்துக் குறிக்கட்டும். மண்ணுக்கு நீர் ஊற்றட்டும். இலைகளை இனங்கண்டு பறித்து வரட்டும். ஏழாம் நாளும் அந்த ஆர்வம் குறையாமல் இருந்து, வெப்பமானியும் சரியான எண்ணைக் காட்டினால், அந்த வீடு ஓர் ஆமையை வரவேற்க ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம். ஆர்வம் மூன்றாம் நாளே தளர்ந்தால், ஓர் உயிர் துன்பப்படாமல் தப்பியது என்று கொள்ளலாம்.